கல்லில் இல்லாத புள்ளிகள்

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். சாமான்கள் எல்லாம் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். எது எந்த அலமாரியில் இருந்தது என்கிற பழக்கம் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். பத்தாண்டுகளுக்கு மேல் கையாண்டு வந்த ஒளிப்படத் திருத்த மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு நாங்கள் குடிபெயர்ந்த கதையும் ஏறத்தாழ அத்தகையதுதான். இலக்கிய நண்பர்கள் கூடும் இவ்விடத்தில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். பேச்சு இறுதியில் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளியில்தான் வந்து நிற்கப் போகிறது.

நாங்கள் என்றால் மூவர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். மூன்றாமவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காமிரா அவர் கையில், கல்வெட்டு எங்கள் கண்ணில் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். 2006 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவரங்கத்திலும், மலைக்கோட்டையிலும், காவிரி கொள்ளிடக் கரைகளில் உள்ள சிற்றூர்க் கோயில்களிலும் சுற்றியதில் 18,000க்குச் சற்றுக் கூடுதலான படங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் பெரும்பகுதி கல்வெட்டுகள், மிஞ்சியவை சிற்பங்கள். கோபுரத்தைப் பின்னால் நிறுத்தி நாங்கள் மூவரும் நிற்கும் படங்கள் சிலவும் உண்டு. அவற்றைப் பற்றி இங்குப் பேச ஒன்றுமில்லை.

பழைய மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது நன்றாகவே உழைத்தது. ஆனால் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்ளும் காலம் போய், மாதந்தோறும் சந்தா கட்டும் காலம் வந்துவிட்டது. ஓய்வூதியத்திலும் ஆசிரியச் சம்பளத்திலும் அது பெரிய தொகையன்று என்று வாதிடலாம். எங்களை உறுத்தியது தொகையன்று. 20 ஆண்டு உழைப்பின் திறவுகோல் இன்னொருவர் கையில் இருப்பதுதான் உறுத்தியது. இது வெறும் மனப்பிரமையும் அன்று. ஆப்பிள் நிறுவனம் தன் 'அப்பர்ச்சர்' மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2014இல் அறிவித்தது. ஒரு காலத்தில் நம்மவர் வீட்டுக் கணினிகளில் எல்லாம் இருந்த 'பிக்காசா'வை கூகுள் 2016இல் மூடியது. படங்கள் எங்கும் போகவில்லை. ஆனால் அவற்றின்மேல் செய்த திருத்தங்களும், எழுதி வைத்த குறிப்புகளும் அந்தந்த மென்பொருளின் மொழியில் அல்லவா இருந்தன!

ஆகவே கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் வந்தோம். 'டார்க்டேபிள்', 'ரா தெரப்பி' ஆகிய இரண்டையும் நிறுவிக்கொண்டோம். முன்னது 2009 முதல் வளர்ந்து வருவது. பின்னது அதைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. இரண்டும் தத்தம் திருத்தக் குறிப்புகளைப் படத்தின் அருகிலேயே சிறு உரைக்கோப்பாக எழுதி வைக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நாளை இம்மென்பொருள்களும் மறைந்து போனால், என்ன செய்திருக்கிறோம் என்பதாவது எஞ்சும்.

மாற்றத்தில் முதலில் அடி வாங்கியவை எங்கள் குறிச்சொற்கள். 2006இல் நாங்கள் தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் சில திஸ்கியிலும், சில ஏதோ ஓர் அச்சகத்து எழுத்துருவிலும் இருந்தன. ஒருங்குறிக்கு வருமுன் தமிழ் பட்ட பாட்டை இணையத்தில் எழுதிப் பழகியவர்கள் அறிவார்கள். 'குமுதம்', 'பட்டிகை', 'தென்சுவர்' என்றெல்லாம் எழுதிய இடங்களில் ஐரோப்பிய எழுத்துகள் கொம்பும் குறியுமாகச் சிரித்தன. ஆயிரமாண்டுக்கு முந்தைய கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் நாங்கள், எங்கள் கையால் தட்டச்சிட்டதைப் படிக்க மாற்றி ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொன்னால் புலம்பலாகிவிடும்.

இழப்புக்கு ஈடான வரவும் உண்டு. 'ரா' என்று சொல்லப்படும் மூலக்கோப்பில் படம் என்று எதுவும் இல்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற எண்களே இருக்கும். அவ்வெண்களைப் படமாக்குவது மென்பொருள். இருட்டறையில் நெகடிவைக் கழுவிப் படி எடுப்பதற்கு ஒப்பானது இது. ஒரு வேறுபாடு, இங்கே எத்தனை முறை கழுவினாலும் நெகடிவ் தேய்வதில்லை. 2008இல் அன்றைய மென்பொருளில் சேறு பூசியதுபோல் வந்த படத்தை இன்றைய மென்பொருளில் மீண்டும் கழுவினால், அதே எண்களிலிருந்து வியக்கத்தக்க தெளிவு கிடைக்கிறது. திருவரங்கத்தில் பெருந்திருப்பணி நடந்து 2015இல் குடமுழுக்கு ஆயிற்று. அப்பணிக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கோயிலுக்குக் கிடைத்தது. திருப்பணிக்கு முன் அக்கோயில் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் இருப்பவை அந்தப் பழைய சேற்றுப் படங்கள்தாம். போய் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வழியில்லை. எனவே மறுகழுவல் எங்களுக்குப் பொழுதுபோக்கன்று.

இனி இரைச்சலுக்கு வருவோம். ஒலியில் இரைச்சல் என்றால் அனைவருக்கும் விளங்கும். ஒளிப்படத்திலும் அதே சொல்லைத்தான் ஆளுகிறார்கள். குறைந்த ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிகிறதே, அதுதான். காமிராவின் குறை இது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பகுதி ஒளியின் இயல்பு. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. முற்றத்தில் மழை பெய்கையில் அருகருகே இரண்டு கிண்ணங்களை வைத்தால், சிறிது நேரத் தூறலில் ஒன்றில் எட்டுத் துளியும் மற்றொன்றில் பன்னிரண்டு துளியும் விழும். விடிய விடியப் பெய்தால் இரண்டிலும் நீர்மட்டம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். கணக்கும் எளியது. ஒரு புள்ளியில் 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து விழுக்காடு. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அது ஒரு விழுக்காடுதான். ஒளி கூடினால் இரைச்சல் தானே அடங்குகிறது. இதன்மேல் காமிராவின் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் வேறு.

மலைக்கோட்டை மேற்குடைவரையில் இது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் சோதனை. தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில் இருக்கும் அக்குடைவரை, மகேந்திரவர்மப் பல்லவர் எடுத்தது. லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். தெற்கு நோக்கிய மண்டபம். மேற்குச் சுவரில் கங்காதரர். மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கும் நாள்களில் தென்புறத்திலிருந்து வரும் ஒளி அச்சுவரைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும். சிற்பத்திற்கும் எழுத்திற்கும் அதைவிட நல்ல ஒளி இல்லை. ஆனி, ஆடியில் போனால் மங்கல்தான். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால் பல நேரங்களில் மூச்சை அடக்கிக்கொண்டு கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்த படங்களில் கங்காதரரின் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சிறு பொட்டுகள். சிவப்பு, பச்சைப் பொட்டுகள் நிற இரைச்சல். அவற்றை நீக்குவதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை, கல்லுக்கு அந்த நிறங்கள் கிடையாது. கறுப்பு வெள்ளை மணலாகத் தெரிவது ஒளிர்வு இரைச்சல். இதில்தான் சிக்கல். கருங்கல்லின் மேற்பரப்பும் அதே போன்ற மணல்தான். இரைச்சலை வழித்தெடுக்கச் சொன்னால் மென்பொருள் உளியின் கொத்தலையும் சேர்த்து வழித்துவிடுகிறது. எஞ்சுவது மெழுகுப் பொம்மை.

சிற்பமாவது பரவாயில்லை. அக்குடைவரைத் தூண்களில் இருக்கும் மகேந்திரவர்மரின் வடமொழிப் பாடல்களை நினைத்துப் பாருங்கள். ஆறுகளை விரும்பும் சிவபெருமான் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று மலைமகள் ஐயுறுவதாக அமைந்த அழகிய கற்பனை அங்கே உண்டு. 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ஷ் அவற்றைப் பதிப்பித்தார். அங்கே வரும் ஓரிரு சொற்களின் பொருள் குறித்து அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதே குடைவரையில்தான் நாராயணன் என்னும் புலவர் பாடிய சிராமலை அந்தாதி முழு நூலாகக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏடு வழியே வந்த நூலுக்கு ஏடெழுதியவர் பிழை என்று ஒதுங்க ஓர் இடம் உண்டு. கல்லில் இருக்கும் நூலுக்கு, கல்லே மூலம். அந்த மூலத்தின் படத்தில் ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் அது பாடபேதமாகிவிடும்.

இதையெல்லாம் பேசும்போது எங்கள் ஊருக்கு முதன்முதலில் காமிராவோடு வந்தவர்களுள் ஒருவரை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் காட்சிகளை 1858இல் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகடிவ். தாளின் நார் படத்தில் விழும். அன்றைய இரைச்சல் அதுதான். வானம் நெகடிவில் வெறுமையாக விழுந்துவிடும் என்பதால் அவர் தம் கையால் நெகடிவின்மேல் முகில்களைத் தீட்டியிருக்கிறார். மரங்களின் இலைத்தொகுதியையும் வண்ணம் வைத்துச் செப்பனிட்டிருக்கிறார். திருத்தம் என்பது கணினியோடு பிறந்ததன்று என்று காட்ட நாங்கள் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். 1858இல்! வானத்தில் முகில் தீட்டியவரும் கல்வெட்டை அடியடியாக அளந்து பதிந்தவரும் ஒரே மனிதர். ஒரே கைக்கு இரண்டு வேலையும் தெரிந்திருந்தது. சில ஆண்டுகளில் ஆளுநர் டிரெவல்யன் இத்தகைய பணியை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் திருவரங்கத்து மதில்களும் அப்படி ஒரு சுருளாகக் கிடைத்திருக்குமோ என்று நாங்கள் பெருமூச்சு விடுவதுண்டு. திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்கென்றே ஒரு தனித் தொகுதி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆவது, 1982இல்தான் வந்தது. எழுத்து அச்சில் இருக்கிறது. கல் எப்படி இருந்தது என்பதற்குப் படம் வேண்டாமா?

கூர்மையாக்கல் என்பது அடுத்த பொறி. இதன் முறைகளுள் பழையதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே விந்தையானது: கூர்மையற்ற மறைப்பு. இருட்டறைக் காலத்தில் நெகடிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு நேர்ப்படி எடுத்து, அதை நெகடிவோடு சேர்த்து வைத்து ஒளி பாய்ச்சுவார்கள். மங்கலான பகுதி கழிந்து விளிம்புகள் எழும்பும். கணினி செய்வதும் அதையேதான். எழுத்தின் விளிம்பில் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்குகிறது. வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளிச்சமாக்குகிறது. அளவோடு செய்தால் கண்ணுக்கு இதம். ஆர்வ மிகுதியால் இழுவையை வலப்பக்கம் தள்ளினால், ஒவ்வொரு கோட்டிற்கும் துணையாக ஓர் ஒளிக்கோடு முளைக்கிறது. சிற்பத்தில் இதைக் கண்டுகொள்ளலாம். சிதைந்த கல்வெட்டில் அப்படியன்று. பழைய எழுத்தில் ரகரமும் காலும் வேறுபாடின்றி இருப்பதைக் கல்வெட்டுப் படிப்பவர்கள் அறிவார்கள். தேய்ந்த கல்லில் பகரமா வகரமா என்று உளியின் ஒரு வளைவைக் கொண்டுதான் தீர்மானிக்கிறோம். அவ்விடத்தில் பொரிந்த கல்லின் விளிம்பைக் கூர்மையாக்கி ஒரு கோடாக நிறுத்திவிட்டால், படிப்பவர் என்ன செய்வார்? நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம் என்பதால் அது பொய்க்கோடு ஆகாமல் போய்விடுமா?

'ரா தெரப்பி'யில் 2020 முதல் உள்ள ஒரு வசதி இதற்குச் சற்று ஆறுதல். லென்சும் சென்சாரும் சேர்ந்து ஒளியை எவ்வளவு பரப்பியிருக்கும் என்று கணக்கிட்டு, அப்பரவலைத் திரும்பச் சுருக்கப் பார்க்கிறது. அதுவும் மிகையானால் கெடும். ஆனால் முன்னதைப் போல் எடுத்த எடுப்பிலேயே வேலி கட்டுவதில்லை. கல்வெட்டுக்கு நாங்கள் இப்போது இதை மட்டுமே, குறைந்த அளவில், வைத்துக்கொள்கிறோம். உண்மையைச் சொன்னால், கூர்மையாக்கலில் நூறு மணி நேரம் செலவிடுவதைவிட ஒரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது மேல்.

இப்போது புள்ளிக் கதை.

எங்கள் மாணவி ஒருவர் முனைவர் பட்டத்திற்காகக் கல்வெட்டுகளில் புள்ளியின் ஆட்சியை ஆராய்கிறார். மெய் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. ஆனால் இடைக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படும். எழுத்து வெட்டியவர் இடாமல் விட்டதை, படிப்பவர் தாமே இட்டுப் படிக்க வேண்டும். ஆகவே புள்ளி இருக்கும் இடம் ஒவ்வொன்றும் அவருக்குச் செய்தி. எங்கெங்கு, எந்த எழுத்தின்மேல், எந்தக் காலத்தில் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். திருச்சியை அடுத்த ஒரு சிற்றூர்க் கோயிலின் அதிட்டானக் கல்வெட்டை நாங்கள் எடுத்திருந்தோம். ஊர்ப்பெயர் வேண்டா, ஆய்வேடு இன்னும் அச்சேறவில்லை. 'எந்தத் திருத்தமும் செய்யாத படம் கொடுங்கள் ஐயா' என்று கேட்டிருந்தார். சரியான கோரிக்கை. புதிய மென்பொருளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூலக்கோப்பை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தோம். அதில் 11 இடங்களில் புள்ளி இருப்பதாக அவர் குறித்திருந்தார். அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றில், அதுவும் ஒரே பட்டிகையில் 11 என்பது சிறிய எண்ணன்று.

மகிழ்ச்சியோடு வருவார் என்று எதிர்பார்த்திருந்தோம். முகம் வாடி வந்தார். 'ஐயா, இதில் நாலு புள்ளி எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப வட்டமாக இருக்கிறது. இது கல்லுக்குச் சொந்தமா, காமிராவுக்குச் சொந்தமா?'

பொன்மலை நண்பர் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'வெட்டி எடுத்த படத்தை விடும்மா. முழுச் சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்' என்றார். பார்த்தோம். அந்நான்கும் ஒரே ஒரு புள்ளிதான். நான்கு படங்களிலும் சட்டத்தின் அதே இடத்தில் அது இருந்தது. அவற்றுள் ஒன்று காமிராவை நெட்டாகத் திருப்பி எடுத்தது. அதில் புள்ளியும் காமிராவோடு சேர்ந்து திரும்பியிருந்தது. கல்லில் இருப்பது அப்படித் திரும்பாது.

சென்சாரில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் சில, ஒளி விழுந்தாலும் விழாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும். சிக்கிக்கொண்ட புள்ளிகள் என்பார்கள். வேறு சில சூட்டிலும் நீண்ட நேரத் திறப்பிலும் மட்டும் எரியும். அவை சூட்டுப் புள்ளிகள். முற்றிலும் இருண்டு போனவையும் உண்டு. வெப்பம் 6 முதல் 8 பாகை உயர்ந்தாலே சென்சாரில் தானாக ஊறும் மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். சித்திரை வெயிலில் திருச்சி என்ன சூடு என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எரியும் புள்ளி ஒற்றைப் புள்ளியாக நின்றாலும் தொல்லையில்லை. காமிராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே உணரும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை வடிகட்டி. மீதியில் சிவப்பும் நீலமும் கால் கால் பங்கு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கடன் வாங்கி மென்பொருள் நிரப்பும். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொன்னால் தெருவே பொய் சொல்கிறது. எரியும் ஒரு சிவப்புப் புள்ளி தன்னைச் சுற்றிச் சிறு வட்டமாகப் பரவிவிடுகிறது. கறுப்பு வெள்ளையாக்கினால் அழகான, உருண்டையான, வெண்மையான புள்ளி. எழுத்து 40 படப்புள்ளி உயரத்தில் இருக்கும் படத்தில், அதன் தலைமேல் அது உட்கார்ந்தால் தொல்காப்பியரே ஏமாறக் கூடும்!

இத்தனை ஆண்டுகள் இது தென்படாமல் இருந்ததன் காரணத்தைப் பிறகு அறிந்தோம். பழைய மென்பொருள் இத்தகைய புள்ளிகளைக் கேட்காமலேயே துடைத்து வந்திருக்கிறது. புதியவற்றில் அது நாமே தெரிந்தெடுக்க வேண்டிய வசதி. எது மேல்? எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சொல்லாமல் துடைப்பவர் பொய்ப்புள்ளியோடு மெய்ப்புள்ளியையும் துடைத்தால் நமக்கு எப்படித் தெரியும்? இரவு வானத்தைப் படமெடுப்போர் சில காமிராக்களை 'விண்மீன் தின்னி' என்று ஏசுவதுண்டு. இரைச்சல் என்று எண்ணிச் சிறு விண்மீன்களை விழுங்கிவிடுவதால் வந்த பெயர் அது. விண்மீனை விழுங்கும் ஒன்று ஒற்றின் புள்ளியை விட்டு வைக்குமா?

எனவே பொதுவான வடிகட்டியைத் தொடாமல் வேறு வழி தேடினோம். லென்சின் மூடியை மூடி, முழு இருளில் ஒரு படம் எடுப்பது. எரிய வேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் எரிபவை எல்லாம் குற்றவாளிகள். எங்கள் காமிராவில் இரவில் எடுத்த இருட்படத்தில் 7 புள்ளிகள். மே மாத நண்பகலில், வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த பிறகு எடுத்ததில் 31. அவற்றின் இருப்பிட எண்களை ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்தால் 'ரா தெரப்பி' அந்த இடங்களை மட்டும் அக்கம்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொள்ளும். வேறெதையும் தொடாது. எந்த இடங்களைத் தொட்டோம் என்பதும் எழுத்தில் இருக்கும். பதிப்பாசிரியர் தாம் இட்டு நிரப்பிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவதில்லையா, அதற்கு நிகர் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். பொன்மலை நண்பருக்குப் பகர அடைப்பை விளக்கச் சற்று நேரம் பிடித்தது.

அட்டவணையில் 11 என்பது 7 ஆகியிருக்க வேண்டும். மாணவி ஒப்பவில்லை. காமிராவின் புள்ளி உட்கார்ந்த இடத்திலேயே கல்லிலும் புள்ளி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. ஆயினும் சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை முதல் பேருந்தைப் பிடித்து நால்வரும் போனோம். கைவிளக்கை இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை பிடித்து, அந்நான்கு எழுத்துகளையும் வெறும் கண்ணால் பார்த்தோம். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில், ஒரு ஙகரத்தின் மேல், உண்மையிலேயே ஒரு குழி இருந்தது. உளி இட்டதா, கல்லில் ஒரு மணி உதிர்ந்து விட்ட குழியா என்பது விளக்கை எப்படிப் பிடித்தாலும் துலங்கவில்லை. கோயில் அர்ச்சகர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, 'ஒரு புள்ளிக்கா இத்தனை பேர் வந்தீர்கள்?' என்றார். ஆமாம் என்றோம்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு இரைச்சல் நீக்கும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். 2020க்குப் பிறகு இவை பெருகிவிட்டன. வணிக மென்பொருள்கள் பலவற்றிலும் வந்துவிட்டன. எண்ணற்ற படங்களைக் கண்டு பயின்ற ஒரு கருவி, இந்த மணலுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. திருவரங்கம் வேணுகோபாலன் சன்னிதியின் புறச்சுவரில் வீணையோடும் கண்ணாடியோடும் நிற்கும் மங்கையரின் பழைய படங்களை ஒரு நண்பரின் கணினியில் இதில் இட்டுப் பார்த்தோம். மாலை மங்கலில் எடுத்தவை. அணிகலன்களின் மணி ஒவ்வொன்றும் துலங்கி வந்தபோது மனம் நெகிழ்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளும் அவ்வாறே. பிறகு ஒரு கல்வெட்டை இட்டோம். தெளிவான எழுத்துகள் மேலும் தெளிவாயின. தேய்ந்த வரியில், எங்கள் கண்ணுக்கு ஐயத்தோடு தெரிந்த ஒரு மேற்கோட்டை அது கல்லின் மேடு என்று தீர்மானித்து மழித்துவிட்டது. பக்கத்தில், வெடிப்பு ஒன்றைத் திருத்தமான கோடாக்கியது. ஐயமுள்ள இடங்களையெல்லாம் அது தானே தீர்த்துவிடுகிறது. தீர்த்த இடம் எது என்று சொல்வதில்லை. பழைய எழுத்தைப் பயின்ற ஆசிரியரே அடிக்குறிப்பில் 'ஐயம்' என்று எழுதும் இடத்தில், அவ்வெழுத்தை அறியாத ஒன்றுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது? சிற்பங்களுக்கு அதை ஆளலாம் என்பதும், எழுத்து உள்ள எந்தப் படத்துக்கும் கூடாது என்பதும் இப்போதைக்கு எங்கள் முடிவு. டிரைப் முகிலைத் தீட்டியது வானத்தில்.

பழைய தொகுப்பிலிருந்து இதுவரை 4,000 படங்களை மறுகழுவல் செய்திருக்கிறோம். ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு புள்ளிப் பட்டியல் இருக்கிறது. 2006இல் வாங்கிய முதல் காமிரா இப்போது இயங்குவதில்லை என்பதால் அதற்கு இருட்படம் எடுக்க வழியில்லை. அக்காலத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இடம் மாறாமல் நிற்பவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார் பொன்மலை நண்பர்.

மாணவியின் ஆய்வேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. அட்டவணையில் அந்தக் கோயிலுக்கு நேரே 7 என்று இருக்கிறது. ஙகரத்திற்கு மட்டும் தனி வரி. அதில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி.